கை வைக்கும் முன் ஒரு நகல்

பொறுமையை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்த அன்று நான் வரிசையில் நிற்கப் பிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிட்டேன் என்று மாமா சொல்வார். மாமா என்றால் அக்கா புருஷன். டாக்சி ஓட்டுகிறவர். நாள் முழுக்க சிக்னலில் நின்று பழகியவருக்கு அடுத்தவர் அவசரம் வேடிக்கையாகத்தான் தெரியும். எனக்கு அது வேடிக்கை இல்லை. ஒருவர் கீபோர்டில் செமிகோலன் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே அரிக்கும்.

இத்தனைக்கும் நான் பிழைப்பதே அப்படித் தேடுகிறவர்களை நம்பித்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரு பயிற்சி மையம். வேலை மாற்ற நினைக்கிறவர்கள், வேலை போனவர்கள், வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு சி என்கிற கணினி நிரல் மொழியைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. முதல் வகுப்பிலேயே பலகையில் பெரிதாக எழுதிப் போட்டுவிடுவேன். மதிப்பைப் பிடித்துவைக்கும் வேரியபிளுக்குப் பிறக்கும்போதே ஒரு மதிப்பைக் கொடு. பெயரைப் பார்த்ததும் அது என்னவென்று புரிய வேண்டும். நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் தரும் வார்னிங்கைப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேட்டும் கேட்காததுபோல் போகாதே. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். திருத்துவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார். இவை எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில்: கை வைக்கும் முன் ஒரு நகல் எடுத்து வை.

சொல்லிவிட்டு நாற்காலிகளுக்குப் பின்னால் நடக்க ஆரம்பிப்பேன். உட்காரவே மாட்டேன். யாராவது தடுமாறினால் குனிந்து, "தள்ளுங்க, இதோ பாருங்க" என்று நானே அடித்துக் காட்டிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவேன். வகுப்பில் எனக்குக் கொசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதுப் பக்கம் வந்து ரீங்காரம் போடுகிறேனாம், கடித்துவிட்டுப் பறந்துவிடுகிறேனாம். இது எப்படியோ மாமா காதுக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து வீட்டிலும் அதே பெயர்தான்.

அக்கா என் மாணவி ஆனது வேறு வழியில்லாமல்.

அவள் லிஃப்டுகளுக்கான சர்க்யூட் போர்டு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பற்றவைக்கும் மேசையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, சின்னச் சின்ன ஈயப் பொட்டுகளை வைக்கும் வேலை. இப்போது அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வந்துவிட்டது. மேசையை எடுத்துவிடப் போகிறார்கள். சோதனைப் பிரிவில் சில இடங்கள் இருக்கின்றன. அங்கே போர்டுகளைப் பரிசோதிக்கச் சின்னச் சின்ன சி நிரல்கள் எழுத வேண்டும். தேர்வில் தேறினால் அந்தப் பிரிவு. தேறாதவர்களுக்கு வேறு ஊரில் இருக்கும் ஆலை, ஒரு ராத்திரிப் பயணம். மாமாவின் டாக்சிக்கு இந்த ஊரில் மட்டும்தான் ஓட அனுமதி. அப்படியானால் அக்கா தனியாகப் போக வேண்டும், மாமா இங்கே தனியாகக் கிடக்க வேண்டும்.

நான்? அப்பா அம்மா போன பிறகு, கதவைத் தட்டாமல் நான் நுழையக்கூடிய வீடு அது ஒன்றுதான். அக்கா போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போவேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கற. எனக்கும் சொல்லிக்குடேன்" என்றாள் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

சாயங்காலங்களில் அவளுடைய சமையலறை மேசைதான் வகுப்பறை. அக்கா ஒரு வரி அடிப்பாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் பார்ப்பாள். அது ஏதோ பதில் சொல்லப் போகிறது என்பது போலப் பார்ப்பாள். அப்புறம் தலையாட்டிவிட்டு அடுத்த வரி. எனக்கு மேசைக்கு அடியில் கால் ஆட ஆரம்பிக்கும். மேசை ஆடும். மேசை மேலிருக்கும் தேநீர் ஆடும்.

"ஏண்டி, பூகம்பமா?" என்பாள்.

"நீ அந்த ப்ராக்கெட்டை மூடவே இல்ல."

"மூடுவேன். எங்க போயிடப் போகுது?"

"தள்ளு."

தள்ளிக்கொள்வாள். நான் லேப்டாப்பை என் பக்கம் இழுத்து, மூடாததை மூடி, கோணலாக நிற்கும் வரிகளை நேராக நிறுத்தி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பைத் திருத்தி, வார்னிங் ஒன்றுகூட இல்லாமல் ஓட வைத்துவிட்டு நிமிர்ந்தால், அக்கா அடுப்புப் பக்கம் போய் எதையோ கிளறிக்கொண்டிருப்பாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. புரிஞ்சுதா?"

"சரி" என்பாள். அந்தச் சரியை நான் புரிந்தது என்று எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னது வெறும் சரி மட்டும்தான்.

வேரியபிள்களுக்கு அவள் வைத்த பெயர்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. போர்டு எவ்வளவு சூடாகலாம் என்ற மேல் எல்லைக்கு 'மாமியார்' என்று பெயர். கீழ் எல்லைக்கு மாமாவின் செல்லப்பெயர்.

"இது என்ன பேரு? பார்த்ததும் என்னன்னு புரிய வேண்டாமா?"

"எனக்குப் பார்த்ததும் புரியுதே. அதுக்கு மேல சூடானா எங்க மாமியாரால தாங்க முடியாது."

மாமா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "என் அம்மாவைக் கம்ப்யூட்டருக்குள்ளயும் விட்டு வைக்கலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வு நெருங்க நெருங்க எனக்கு எதைப் பார்த்தாலும் எரிச்சல்தான் வந்தது.

தேர்வு இப்படி: ஆளுக்கொரு நிரலை வீட்டிலேயே எழுதி பென் டிரைவில் கொண்டுபோக வேண்டும். ஒரு தட்டில் எட்டு போர்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் வெப்பத்தையும் படித்து, எல்லைக்குள் இருந்தால் நல்லது, தாண்டினால் கெட்டது என்று நிரல் சொல்ல வேண்டும். சோதனைப் பிரிவின் தலைவி ஒவ்வொருவரிடமும் வந்து அதை ஓட்டச் சொல்வார், கேள்வி கேட்பார், அங்கேயே ஒரு மாற்றம் செய்யச் சொல்வார்.

தேர்வு நாள் காலையில் வாழ்த்துச் சொல்கிறேன் என்ற பெயரில் அக்கா வீட்டுக்குப் போனேன். உண்மையில் என் வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. லேப்டாப் சமையலறை மேசையில் திறந்தே இருந்தது, பென் டிரைவும் செருகியபடி. அக்கா துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி பக்கம் போனாள்.

"இன்னைக்குமா துணி? தேர்வு இருக்கே!"

"தேர்வு இருந்தா துணி தானா காயுமா? இதோ வந்துடறேன். நீ சும்மா உக்காரு."

சும்மா உட்கார். உலகத்தில் எத்தனையோ கட்டளைகள் இருக்கின்றன. மாமா ரொட்டியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "கையைக் கட்டிக்கிட்டு உக்காரு கொசு" என்று சொல்லிவிட்டு டாக்சியைக் கழுவப் போய்விட்டார்.

சும்மா பார்ப்போம் என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாமியார் இன்னும் அங்கேயே இருந்தார். தேர்வுக்குப் போகும் நிரலில் மாமியாரா? 'மேல் எல்லை' என்று மாற்றினேன். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சோதிக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்தேன். வரிகளை நேராக்கினேன். அப்போதுதான் லூப் கண்ணில் பட்டது. எண்ணிக்கை எட்டை விடச் சிறியது அல்லது சமம் என்கிற வரை ஓடு என்று எழுதியிருந்தாள். புதிதாகக் கற்கிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. சி மொழியில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சமம் என்று விட்டால் ஒன்று கூடிப் போய்விடும். ஆயிரம் தடவை திருத்தியிருக்கிறேன். யோசிக்கக்கூட இல்லை, விரல் தானாகப் போய் அந்தச் சமத்தை அழித்தது.

கம்பைல் செய்தேன். ஒரு வார்னிங் இல்லை. அவள் மாதிரிக்குப் போட்டு வைத்திருந்த வெப்ப அளவுகளோடு ஓட்டினேன். திரையில் நல்லது, நல்லது, நல்லது என்று வரிசையாக இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே அவளுடைய ஃபைலுக்கு மேலேயே சேமித்தேன், பென் டிரைவிலும். அதில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பழசில் எனக்கு என்ன வேலை? திறந்து பார்க்கவில்லை.

அக்கா காலி வாளியோடு இறங்கி வந்தாள்.

"கொஞ்சம் பளிச்சுனு பண்ணி வச்சிருக்கேன்" என்றேன்.

"அப்படியா?" என்றாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை, நன்றியும் இல்லை. பென் டிரைவை உருவிப் பையில் போட்டாள். அந்தப் பையின் ஜிப் எப்போதும் பாதியில் மாட்டிக்கொள்ளும். அவள் அதை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தாள். நான் பையைப் பிடுங்கி, ஒரே இழுப்பில் மூடிக் கொடுத்தேன். ஜிப்பின் ஒரு பல் தெறித்து விழுந்தது.

அங்கிருந்து நேராக வகுப்புக்கு வந்தேன். அன்று அங்கேயும் லூப் பாடம்தான். பேக்கரி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் படிக்கிறார். வாரத்துக்கு எத்தனை ரொட்டி மீந்து போகிறது என்று கணக்குப் போட ஒரு நிரல் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. ஒற்றை விரலால் அடிப்பார். அவர் பின்னால் போய் நின்றேன். கிழமைகள் ஏழு. லூப்பில் ஏழை விடச் சிறியது அல்லது சமம் என்று அடித்திருந்தார். என் கை அவர் தோளைத் தாண்டி நீண்டது.

"தள்ளுங்க. அந்தச் சமம் வரக்கூடாது."

பேக்கரிக்காரர் தள்ளவில்லை. கீபோர்டை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நான் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருக்கேன். பூஜ்யத்துல இருந்து இல்ல. மேல் வரியைப் பாருங்க. ஒரு இடம் கூடுதலாவும் வச்சிருக்கேன். இப்ப சமத்தை எடுத்தா ஞாயித்துக்கிழமை போயிடும். ஞாயித்துக்கிழமைதான் எனக்கு நிறைய மீந்து போகும்."

பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அப்படியே நின்றேன். அக்கா எங்கிருந்து ஆரம்பித்திருந்தாள்? மேல் வரியை நான் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் திரையை நினைவுக்குக் கொண்டுவந்தேன். ஒன்று. அவளும் ஒன்றிலிருந்துதான். தொழிற்சாலைத் தட்டில் போர்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் இருப்பதால் அப்படியே எழுதியிருக்கிறாள். நான் சமத்தை எடுத்ததும் ஏழோடு நின்றுவிட்டது. எட்டாவது போர்டை அந்த நிரல் தொடாது. கெட்டுப்போன போர்டு எட்டாவதாக இருந்தால், எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக முடியும். சோதனைப் பிரிவுக்கு வேலை கேட்டு வந்தவள் கையில், கெட்டதை நல்லது என்று சொல்லும் நிரலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூடவே மேலே ஒரு பளபளப்பும் பூசியிருக்கிறேன்.

"மேடம்?" என்றார் பேக்கரிக்காரர். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நீங்க எழுதினது சரி" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். பலகையில் சிவப்பு மை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தெரிந்தும் மறுபடி அடித்தேன். அப்புறம் மாமாவுக்கு. பக்கத்துத் தெருவில்தான் இருந்தார், வந்துவிட்டார்.

வண்டியில் ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டினேன். சமம், ஒன்று, எட்டாவது போர்டு, எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. முன்னால் போகும் குப்பை வண்டிக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"முந்துங்க மாமா!"

"முந்தினா அங்க சிவப்பு நிக்குது."

"வேகமாத்தான் போங்களேன்!"

"வேகமா போய் என்ன செய்யப் போற? தொழிற்சாலை கேட்டையா கம்பைல் பண்ணப் போற?"

"உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பதட்டமே இல்லையா? அக்கா அந்த ஊருக்குப் போயிட்டா தினம் நீங்கதான் தனியா ரொட்டி மென்னுக்கிட்டு இருக்கணும்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பதட்டம் இருக்கு. உங்க அக்கா மேல நம்பிக்கையும் இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டுத்தான் ஓட்டறேன்" என்றார். என் கால் மட்டும் நிற்கவில்லை, முன் இருக்கையின் முதுகை உதைத்துக்கொண்டே வந்தது.

தொழிற்சாலைக் கேட்டில் காவலாளி சுற்றுச்சுவரில் சாய்ந்து நின்றார்.

"யாரைப் பார்க்கணும்?"

"அக்காவை."

"எனக்கும்தான் அக்கா இருக்காங்க. பேர், பிரிவு சொல்லுங்க."

"தேர்வு எழுத வந்திருக்காங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு குறிதான். ஒரு சமக்குறி. அதைச் சேர்த்துடச் சொல்லணும்."

காவலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தேர்வு நடக்கறப்ப பதிலை வெளியில இருந்து சொல்ல வந்திருக்கீங்க. அதையும் எங்கிட்டயே சொல்றீங்க."

மாமா என் கையைப் பிடித்து இழுத்து வந்து எதிரே இருந்த நடைபாதையில் நிறுத்தினார். நிற்க முடியவில்லை. மின்கம்பத்திலிருந்து தபால் பெட்டி வரை நடந்தேன், தபால் பெட்டியிலிருந்து மின்கம்பம் வரை நடந்தேன். உள்ளே அவள் எப்படி நிற்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் எட்டாவது விடுபட்டது என்று கேட்பார்கள். அவள் வரியைப் பார்ப்பாள், மடியில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பாள். அது அவள் எழுதிய வரியே இல்லை. தங்கச்சி மாற்றினாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே என்னைக் காட்டிக் கொடுக்காதவள். நான் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அவள்தான் திட்டு வாங்கியிருக்கிறாள். இப்போதும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

சைரன் ஊதியது. ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள், சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு. அக்கா எல்லோருக்கும் பின்னால் வந்தாள். நடையில் எப்போதும்போல அவசரமே இல்லை. நான் தெருவை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. ஒரு வண்டிக்காரன் திட்டியது மட்டும் காதில் விழுந்தது.

"அக்கா, லூப்பை நான் மாத்திட்டேன். சமத்தை எடுத்துட்டேன். எட்டாவது..."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"ஓட்டிப் பார்த்தேனே. எல்லாம் நல்லதுன்னு வந்துது. எட்டாவது கெட்டதுன்னு வந்திருக்கணும். நான்தான் மாதிரி அளவுகள்ல எட்டாவதா வேணும்னே ஒரு கெட்டதைப் போட்டு வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் போகுதான்னு பார்க்கறதுக்கு." அவள் போனைக் காவலாளியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "உன்னுதை மூடிட்டு என்னுதைத் திறந்தேன்."

"உன்னுது ஏது? நான் அதுக்கு மேலயே சேமிச்சுட்டேனே."

"பழசுல இருந்துது."

மாமா டாக்சிக் கதவைத் திறந்துகொண்டே, "அந்த ஃபோல்டருக்குப் பேர் வச்சதே நான்தான். பழசுன்னு இருந்தா கொசு அந்தப் பக்கம் வராதுன்னு சொன்னேன்" என்றார்.

வண்டிக்குள் உட்கார்ந்த பிறகுதான் அக்கா முழுதாகச் சொன்னாள். அவள் பழசைத் திறந்த நேரத்தில் பிரிவுத் தலைவி சரியாக அவள் பின்னால் வந்து நின்றாராம். ஃபோல்டர் நிறைய ஃபைல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர், ஆங்கில எழுத்தில் தமிழ்: தங்கச்சி வருமுன் ஒன்று, தங்கச்சி வருமுன் இரண்டு, தங்கச்சி வருமுன் மூன்று. திரை கொள்ளாமல் கீழே போய்க்கொண்டே இருந்ததாம்.

"யார் இந்தத் தங்கச்சின்னு கேட்டாங்க. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்துது. எனக்குச் சொல்லிக்குடுத்தவன்னு சொன்னேன். நல்லா சொல்லிக்குடுப்பா, கைதான் சும்மா இருக்காதுன்னேன். அப்ப இதெல்லாம் எதுக்குன்னாங்க. அவ திருத்திட்டுப் போனப்புறம் என்னுதைத் திறந்து, அவ என்ன பண்ணியிருக்கான்னு பக்கத்துல வச்சுப் பார்த்து, ஒவ்வொண்ணா நானே பண்ணுவேன்னு சொன்னேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பண்ணி, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்தது."

"தினமுமா?"

"முதல் நாள்லேருந்து."

நான் கிளம்பிப் போன பிறகு அந்த மேசையில் இன்னொரு வகுப்பு நடந்திருக்கிறது. அதில் நான் இல்லை.

"நான் எழுதினது எல்லாம் வேலை செஞ்சுதே" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"செஞ்சுது. அதான்டி கஷ்டம். உன்னுது வேலை செஞ்சா எனக்கு என்ன தெரியும்?"

பிரிவுத் தலைவி என் ஃபைலையும் அவளுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னாராம். எங்கெங்கே வித்தியாசம், எது நல்லது, எது தப்பு என்று காட்டச் சொன்னாராம். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறாள், அவளுக்கே உரிய வேகத்தில். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாராம்.

"பேரெல்லாம் உன்னுதுதான் நல்லா இருக்குன்னாங்க. அங்கயே மாமியாரை எடுத்துட்டேன்."

"அப்பாடா, எங்கம்மா தப்பிச்சாங்க" என்றார் மாமா.

"நகல் எடுத்து வைக்க யார் சொல்லிக்குடுத்தாங்கன்னும் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"அவதான்னு சொன்னேன். அதுக்குத்தான் ரொம்ப சிரிச்சாங்க. திங்கக்கிழமையிலேருந்து சோதனைப் பிரிவுக்கு வந்துடுங்கன்னாங்க."

மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். சிக்னலும் இல்லை, ஒன்றும் இல்லை. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தார், திரும்பவும் கிளப்பினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் அழுகைதான் வரும்போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான் தொடுவேன்னு தெரிஞ்சும் ஏன் காலையில திறந்து வச்சுட்டுப் போன?" என்று ஜன்னலிடம் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் வச்சேன். மூடி வச்சிருந்தா நீ என் பின்னாலயே மாடிக்கு வந்திருப்ப. காயப்போட்ட துணியை எல்லாம் உதறி மறுபடி போட்டிருப்ப. நடுவுல கேள்வி வேற கேப்ப. இன்னைக்கு ஒரு நாளாவது எனக்கு அமைதியா இருக்கணும்னு தோணுச்சு." அக்கா என் முழங்காலில் கையை வைத்தாள். அப்போதுதான் அது ஆடிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. "உனக்கும் கையில ஏதாவது வேணுமில்ல?"

அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுத்து உட்கார வைப்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறாள். இன்று காலை மட்டும் இல்லை, இத்தனை நாளும். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவள் என்னை விளையாட விட்டிருந்தாள். கோபம் வர வேண்டும், வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கோபத்தைக்கூட என்னால் உட்கார வைக்க முடியவில்லை.

அக்கா மடியில் பையை வைத்து ஜிப்பைத் திறக்கப் பார்த்தாள். காலையில் நான் பல் தெறிக்க இழுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டது. முன்னால் அசைத்தாள், பின்னால் அசைத்தாள். நின்று, அதைப் பார்த்தாள். என் உள்ளங்கை அரித்தது. கை பாதி தூரம் போய்விட்டது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா கவனித்தாள். ஜிப்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள், மாட்டியிருந்த நூலை நகத்தால் எடுத்தாள், மறுபடி முன்னுக்கு. எனக்கு நெற்றியில் வியர்த்தது. மாமா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். இரண்டு மூன்று தெரு தாண்டிய பிறகு ஜிப் திறந்தது.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "தலைவி அங்கயே ஒரு மாற்றம் செய்யச் சொன்னாங்க, அதை நான் எழுதினது இதுல இருக்கு. ராத்திரி பார்த்துச் சொல்லு. சொல்லு மட்டும்."

வாங்கப் போனேன். கை மரத்துப் போயிருந்தது.